மகாராஜா எழுந்தருளும் வரை

சின்னவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை அவளே ஒப்புக்கொள்வாள். வீட்டின் இளைய மருமகள் என்பதால் எல்லாரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவன் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாத ஆட்களோடு பேசிப் பேசித்தான் உங்களுக்கு இந்தத் தெனாவெட்டு வந்தது என்று கல்யாணமான மறுவாரமே அவனிடம் சொன்னவள். எதிர்வீட்டுக்காரர், வங்கி மேலாளர், கூரியர் கொண்டு வருகிறவர், யாரும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை. அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் மட்டும் கம்மென்று மூடிக்கொள்ளும். அந்த ஆள் கணவனின் அண்ணன்.

‘பெரியத்தான்’ என்று கூப்பிடுவாள். அவர் என்ன சொன்னாலும் ‘சரிங்க’ என்பாள். தப்பாகச் சொன்னால் ‘பாக்கறேங்க’ என்பாள். அவ்வளவுதான். காரணம் இல்லாமல் இல்லை. மருத்துவமனைக் கருவிகள் செய்யும் கம்பெனிக்கு ஆள் எடுக்க அவர்தான் அன்றைக்கு நேர்காணலில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு ஆள் பார்க்கப் போனவர், ‘பொண்ணு கெட்டிக்காரி, நம்ம தம்பிக்குப் பார்க்கலாம்’ என்று வீட்டுக்கும் ஆள் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். வேலையும் போட்டுக்கொடுத்து மாப்பிள்ளையும் பிடித்துக்கொடுத்த மனிதரிடம் எந்த முகத்தோடு எதிர்த்துப் பேசுவது?

ஆனால் அவரோடு இருப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. வீட்டில் அவர் குடும்பம் கீழே, இவர்கள் மாடியில். அலுவலகத்தில் எதிரெதிர் மேசை. ஆக, தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பேனாவையும் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். ‘மகாராஜா’ என்று பட்டம் சூட்டியது வேறு யாருமில்லை, அவருடைய மனைவியேதான். சின்னவளுக்கு அவள் ஓரகத்தி. ‘அக்கா’ என்று கூப்பிடுவாள். ‘மகாராஜாவுக்குச் செருப்பு எங்கேன்னு தெரியலையாம், படையை அனுப்பு’ என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுக்கும்போதெல்லாம் சின்னவள் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு சிரிப்பாள்.

அவர் போர்டு செய்கிறவர். அதாவது கருவிக்குள் இருக்கும் பச்சைப் பலகை, அதன்மேல் சிப்புகள், அவற்றுக்கிடையே ஓடும் செப்புக் கோடுகள், அதெல்லாம் அவர் பொறுப்பு. இவள் டிரைவர் எழுதுகிறவள். ஸ்டியரிங்கைத் தேடாதீர்கள், இது வேறு டிரைவர். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று கிடக்கிறது. திரையில் நாம் பார்க்கிற எதுவும் அது இல்லை. ஆனால் திரை எரிவதே அதன் தயவில்தான். எந்தச் சிப்பிடம் எப்படிப் பேசினால் அது வேலை செய்யும் என்று கெர்னலுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் டிரைவர். எல்லாருக்கும் பொதுவான கெர்னல் அது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் ‘பேட்ச்’ என்று ஒரு திருத்தம் அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஒருமுறை உள்ளே போனதை வரலாற்றிலிருந்து அழிக்க முடியாது.

இனி சின்னவளின் ரகசியக் கெட்டபழக்கத்துக்கு வருவோம். கெர்னல் கண்விழிக்கும்போது, தான் என்ன செய்கிறேன் என்பதை ஒரு மெல்லிய ஒயர் வழியாக வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வரும். எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை டிரைவர் எழுதுகிறவர் எழுதிவைக்கலாம். கோளாறு வந்தால் எந்த வரியோடு பேச்சு நின்றது என்று பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு. மற்றவர்கள் ‘இங்கே வந்தேன்’, ‘இதைத் தாண்டினேன்’ என்று எழுதுவார்கள். சின்னவளோ பெரியத்தானிடம் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே எழுதினாள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவாள், அலுவலகத்தில் வேறு யாரும் அந்தத் திரையை எட்டிப் பார்ப்பதில்லை. ‘சிங்காசனம் துடைக்கப்படுகிறது’ என்று ஒரு வரி. ‘சாமரம் வீசுகிறவன் எங்கே போய்த் தொலைந்தான்’ என்று ஒரு வரி. தொடுதிரையை இயக்கும் சிப்பை எழுப்பும் இடத்தில், ‘மாட்சிமை தங்கிய மகாராஜா எழுந்தருளுகிறார், குடிமக்கள் அனைவரும் பொறுமை காக்கவும்’ என்று நீட்டி முழக்கி ஒரு வரி. எதிர்மேசையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, இவள் திரையில் இந்த வரி ஓடும். பெற்ற சம்பளத்தைவிட அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இனித்தது.

அப்போது செய்துகொண்டிருந்தது நோயாளியின் படுக்கையருகே நின்று நாடித்துடிப்பைக் காட்டும் கருவி. அது முடிந்ததும் ஆம்புலன்ஸில் கொண்டுபோகிற மாதிரி சின்னதாக இன்னொன்று செய்வதாகத் திட்டம். அதன் போர்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பெரியத்தானே வரையட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை அவர் வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வரைந்த போர்டுகளை ஒட்டுப்போட்டுச் சரிசெய்தவர், படுக்கைக் கருவியின் போர்டும் அப்படித்தான். தனக்கென்று ஒன்று, தன் கையால் முழுசாக ஒன்று, இதுதான் முதல்முறை. சாப்பிடும்போதுகூட மேசைமேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ‘மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கல, நேத்து அவரே எழுந்திரிச்சுப் போய் விளக்கை அணைச்சார்’ என்று அக்கா வியந்தாள்.

படுக்கைக் கருவியை அனுப்பும் வேளை வந்தது. அனுப்புவதற்குமுன் இந்த அரசவை வரிகளையெல்லாம் துடைக்க வேண்டும் அல்லவா? சின்னவள் ஒருநாள் காலை ஒவ்வொன்றாக அழித்தாள். கருவியை ஓடவிட்டாள். திரை எரிந்தது. தொட்டால் அசைவில்லை. தொடுதிரைச் சிப் பதிலே சொல்லவில்லை.

இதென்னடா வம்பு என்று வரிகளைத் திரும்பப் போட்டாள். வேலை செய்தது. எடுத்தாள், செத்தது. சிங்காசனத்தை எடுத்தால் பரவாயில்லை. சாமரத்தை எடுத்தாலும் பரவாயில்லை. மகாராஜா எழுந்தருளும் வரியை எடுத்தால் மட்டும் சிப் பிணமாகக் கிடந்தது. சரி, கொஞ்சம் சுருக்கிப் பார்ப்போம் என்று வெறும் ‘மகாராஜா’ என்று வைத்தாள். ம்ஹும். ‘மகாராஜா எழுந்தருளுகிறார்’ என்று வைத்தாள். ஒருமுறை எழுந்தது, ஒருமுறை இல்லை. ‘மாட்சிமை தங்கிய’ என்பதைச் சேர்த்ததும் ஒவ்வொரு முறையும் எழுந்தது. மரியாதை குறைந்தால் சிப் எழுந்திருக்க மறுத்தது. சின்னவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“என்னம்மா, தனியா சிரிக்கிறே?” என்றார் எதிர்மேசையிலிருந்து பெரியத்தான்.

“ஒண்ணுமில்லைங்க. பழைய ஞாபகம்.”

சங்கதி என்னவென்று அவளுக்கு உடனே விளங்கியது. ஒயர் மெதுவானது. ஒரு வரியைச் சொல்லி முடிக்கிறவரை கெர்னல் அடுத்த வேலைக்குப் போகாது. வரி நீளமானால் அந்த இடத்தில் ஓய்வும் நீளம். அந்த ஓய்வுதான் சிப்புக்குத் தேவை. அப்படியானால் சிப் ஏன் இத்தனை மெதுவாக எழுகிறது? சின்னவள் போர்டைத் திருப்பிப் பார்த்தாள். கரண்ட் வரும் இடத்தில் கட்டைவிரல் பருமனில், கரண்டைச் சேர்த்துவைக்கிற ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருந்தது. பெரியத்தானின் கைவேலை. இத்தனை பெரிய தொட்டி நிறைந்து அப்புறம் குழாயில் தண்ணீர் வருவதற்கு நேரமாகத்தானே செய்யும்? கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மற்றவர் தப்பைக் கண்டுபிடிக்கும்போது யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை, அவளும் பார்க்கவில்லை.

“பெரியத்தான், போர்டுல கரண்ட் கொஞ்சம் மெதுவா ஏறுதோ?” என்று மெல்லக் கேட்டாள்.

“என் போர்டுலயா? நீ முதல்ல உன் கோடைப் பாரு.”

“பாக்கறேங்க.”

கோடு என்று அவர் சொன்னது செப்புக் கோட்டை அல்ல, அவள் எழுதுகிற நிரலை. இது அந்தத் தொழிலில் ஆதிகாலத்துச் சண்டை. போர்டுக்காரர் கோடைக் கைகாட்டுவார், கோடுக்காரர் போர்டைக் கைகாட்டுவார். மாமியார் மருமகள் சண்டைகூட ஒரு பேரப்பிள்ளை பிறந்தால் ஓயும், இது ஓயாது. ஆனால் ‘உன் கோடைப் பாரு’ என்று அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்ன விதம் இருக்கிறதே, அது சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இரு, இரு, உலகத்துக்கே சொல்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

கெர்னலில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு போர்டில் பிறவிக் கோளாறு இருந்தால், அந்தக் கோளாறுக்கு ஒரு பேர் வைத்துவிடுவார்கள். இந்தப் பேர் போட்ட போர்டு வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ என்று கெர்னலுக்குச் சொல்லிவைப்பார்கள். சின்னவள் வசவு வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முறைப்படி ஒரு காத்திருப்பைப் போட்டாள். கோளாறுக்கு ‘மகாராஜா தாமதம்’ என்று நாமகரணம் செய்தாள். ‘இந்தப் போர்டில் மின்சாரம் மெதுவாக ஏறுவதால்’ என்று காரணமும் எழுதினாள். பேட்சை அனுப்பினாள்.

தொடுதிரை டிரைவர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் எங்கோ ஒரு குளிர்நாட்டில் இருந்தார். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. முகம் பார்த்ததில்லை. சின்னவள் அவருக்கு வைத்த பேர் வாயிற்காப்போன். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிற ஆசாமி. இந்த முறை அவர் கேட்டது ஒரே கேள்வி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “மகாராஜான்னா என்ன? எந்த ஆவணத்துலயும் காணோமே?”

“அது போர்டோட குடும்பப் பேர்” என்று சின்னவள் பதில் எழுதினாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

வாயிற்காப்போன் முணுமுணுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். பேட்ச் உள்ளே போயிற்று. அன்று மாலை சின்னவள் கீழே ஓடிப்போய் அக்காவின் காதில் விஷயத்தைப் போட்டாள். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அடிப்பாவி! இனிமே உலகத்துல எந்த மூலையில கருவி எழுந்தாலும் இவருக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?”

“நம்ம கருவி மட்டும்தான்க்கா. மத்ததெல்லாம் கொடுத்து வச்சது.”

வினை எங்கிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? முதலாளி அடுத்த மாதம் பேட்சைப் படித்தார். வழக்கமாகப் படிக்கிறவர் இல்லை. யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மகாராஜா யார் என்பது அவருக்குப் புரியவில்லை. ஆனால் ‘இந்தப் போர்டில் மின்சாரம் மெதுவாக ஏறுவதால்’ என்பது நன்றாகப் புரிந்தது. மருத்துவமனைக் கருவியில் போர்டிலேயே பிறவிக் கோளாறு என்று ஊரறிய எழுதியிருக்கிறது. பெரியத்தானை அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. திரும்பி வந்தவர் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமவில்லை. பேனா கேட்கவில்லை.

மாடிப்படியில் வைத்து அக்காதான் சொன்னாள். சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. “ஆம்புலன்ஸ் கருவியோட போர்டை வெளி ஆளுங்ககிட்ட குடுக்கப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். இவர் ஒருவேளை அதுல உதவிக்கு இருக்கலாமாம்.”

“அய்யய்யோ.”

“நீ என்ன பண்ணுவே, இருக்கிறதைத்தானே எழுதினே” என்றாள் அக்கா. அவள் நல்லவள். அதுதான் சின்னவளுக்கு இன்னும் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு பெரியத்தான் எழுந்தார். தானே எழுந்தார், தானே போய் ஆசிலோஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒயரில் கரண்ட் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. அதன் முனைகளைப் போர்டில் மாட்டினார்.

“வா, பாரு.”

சின்னவள் போய் நின்றாள். அவர் கருவியை ஓடவிட்டார். திரையில் ஒரு கோடு செங்குத்தாக ஏறியது.

“இதுதான் கரண்ட். மெதுவாவா ஏறுது?”

மெதுவாக ஏறவில்லை. மடமடவென்று ஏறி நின்றுவிட்டது. கட்டைவிரல் கெப்பாசிட்டர் தன் வேலையைப் பழுதில்லாமல் செய்திருந்தது.

“இந்த ரெண்டாவது கோடு ரீசெட். இதை அழுத்திப் பிடிச்சிருக்கிற வரைக்கும் சிப் செத்த பொணம். கரண்ட் வந்தப்புறம் நீ பிடியை விடணும். விட்டப்புறம்தான் அது எழுந்து உக்காரும், அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்னு சிப் புஸ்தகத்துல போட்டிருக்கு. நீயும் கோடுல காத்திருக்கே, இல்லேங்கலை. எங்கே காத்திருக்கே, சொல்லு.”

சின்னவள் பார்த்தாள். கரண்ட் ஏறிய பிறகு, ரீசெட்டை விடுவதற்கு முன்னால், ஒரு நீண்ட வெட்டிக் காத்திருப்பு. பிறகு ரீசெட்டை விடுவது. மகாராஜா தாமதத்தைக் கழித்துவிட்டால், விட்ட அதே நொடியில் சிப்பைக் கூப்பிடுவது. புத்தகத்தில் இருந்த காத்திருப்பை அவள் ஒரு வரி மேலே எழுதிவிட்டிருந்தாள். இத்தனை நாளாக அந்த இரண்டுக்கும் நடுவே ஓடி அந்தப் பிழையை மறைத்துக்கொண்டிருந்தது அவளுடைய வசவு. அது அழிந்ததும் சிப் எழவில்லை, பழி போர்டின் தலையில் விழுந்தது.

“கழுத்தைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு ரொம்ப நேரம் காத்திருக்கே. கையை எடுத்த உடனே, ஏன்டா இன்னும் எழுந்திரிக்கலைன்னு கேக்கறே” என்றார் பெரியத்தான். குரலில் கோபம் இல்லை. அப்புறம் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “பேரு நல்லாத்தான் வச்சிருக்கே. மகாராஜா.”

சின்னவளுக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. “பெரியத்தான், முதலாளிகிட்ட நீங்க இதைக் காட்டலாமே…”

“நான் போய், தம்பி பொண்டாட்டி தப்பா எழுதிட்டான்னு சொல்லணுமா? உன்னை வேலைக்கு எடுத்தவனே நான்தான். எனக்கு அது வராதும்மா. நீ பாத்துக்கோ.” அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நல்லவளாக இருந்தால் அப்போதே முதலாளி அறைக்கு ஓடியிருக்க வேண்டும். சின்னவள் நல்லவள்தான், ஆனால் மானஸ்தி. எத்தனையோ பேர் கோடில் குற்றம் கண்டுபிடித்து நக்கலடித்தவள், தானே போய் உலகத்தின் முன்னால் மண்டியிடுவதா? குறுக்குவழி ஒன்று தோன்றியது. எழுத்துப்பிழை திருத்தம், காலியிடம் சீர்செய்தல் என்று யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத அற்ப மாற்றங்கள் ஒரு கூடை சேர்த்தாள். அவற்றின் நடுவே அந்தக் காத்திருப்பு வரியை ரீசெட்டுக்குக் கீழே நகர்த்திவைத்தாள். மகாராஜாவையும் நைசாக வெளியே எடுத்துவிட்டாள். ‘சிறு துப்புரவு’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினாள். துடைப்பத்துக்குள் ஒளித்துத் திருட்டுப் பொருளை வெளியே கொண்டுபோகிற மாதிரிதான். உள்ளே போய்விட்டால், ‘புது பதிப்புல கோளாறு தானா சரியாயிடுச்சு சார்’ என்று முதலாளியிடம் பூசி மெழுகிவிடலாம் என்று கணக்கு.

வாயிற்காப்போனிடமா நடக்கும்? பதில் வந்தது.

“துப்புரவுன்னு சொல்றீங்க. காற்புள்ளியைத் துடைச்சீங்க, சரி. இந்தக் காத்திருப்பு எதுக்குக் கீழே இறங்கியிருக்கு? போன மாசம் போர்டுல குத்தம்னு சொன்னீங்க. போர்டு தானா குணமாயிடுச்சா? ஒரு பேட்சுக்கு ஒரு மாற்றம். காரணத்தோட தனியா அனுப்புங்க.”

இதை உலகம் முழுக்கப் படித்திருக்கும். சின்னவளுக்குக் காது சிவந்தது. மாட்டிக்கொண்டோம் என்ற வெட்கத்தைவிட, இன்னொரு பொய் சொல்லப் பார்த்தோமே என்ற வெட்கம்தான் கூட. அதுவும் யாருக்கு எதிராக? கோபம் வரவேண்டிய இடத்தில் கோபப்படாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போன மனிதருக்கு எதிராக. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து புதுப் பேட்ச் எழுதினாள். தலைப்பு: ‘தொடுதிரை: தவறான இடத்தில் காத்திருந்ததைத் திருத்துதல்’. கீழே, ‘போர்டில் எந்தக் குறையும் இல்லை. முன்பு நான் சொன்ன காரணம் தவறு. தவறு என் டிரைவரில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் போர்டுக்குப் பொறுப்பானவர்’ என்று எழுதினாள். அந்தத் தொழிலில் பிழையைக் கண்டுபிடித்தவரின் முழுப்பேரைத் தனி வரியில் போடுவது மரியாதை. பெரியத்தானின் முழுப்பேரைப் போட்டாள். எந்தத் திருத்தத்தால் இந்தப் பிழை நுழைந்தது என்றும் ஒரு வரி போட வேண்டும். அங்கே தன் பழைய திருத்தத்தையே காட்டினாள். அனுப்பும் பொத்தானை அமுக்கியபோது பல் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வலியும் இருந்தது, விட்டது சனியன் என்றும் இருந்தது.

அதே சூட்டோடு முதலாளியின் அறைக்குப் போனாள்.

“அப்போ போர்டுல ஒரு குத்தமும் இல்லையா?” என்றார் முதலாளி.

“இல்லை சார். குத்தமெல்லாம் என்கிட்டதான்.”

“உலகத்துக்கே எழுதினீங்களேம்மா!”

“மறுபடியும் உலகத்துக்கே எழுதிட்டேன் சார். இப்பத்தான். இந்நேரம் படிச்சுச் சிரிச்சிருப்பாங்க.”

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்குக் கையெழுத்து. நீங்க ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா?”

“தெரியும் சார். அதான் சாப்பிடாம வந்தேன்.”

“சரி. உங்களுக்கு என்ன தண்டனை கொடுக்கட்டும்?”

“ஆம்புலன்ஸ் போர்டு அவர் செஞ்சா, அதுக்கும் டிரைவர் நான்தான் எழுதணும். அவருக்கு எதிர்ல உக்காந்து. அதைவிடப் பெரிய தண்டனை என்ன சார் இருக்கு?”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக் கையெழுத்து நடக்கவில்லை. போர்டு பெரியத்தானிடமே வந்தது.

ஆனால் மகாராஜா வெளியே வரவில்லை. காத்திருப்பு வரியை வாயிற்காப்போன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். கோளாறுப் பேரை எடுக்கமட்டும் விடவில்லை. “வேற ரெண்டு கம்பெனிக்காரங்க போர்டுல நிஜமாவே கரண்ட் மெதுவா ஏறுது. அவங்க உங்க மகாராஜாவை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. இப்ப எடுத்தா அவங்க கருவி நின்னுடும். ஓடிக்கிட்டிருக்கிறதை உடைக்கக் கூடாது. மகாராஜா இருக்கட்டும்” என்று எழுதிவிட்டார். கெர்னலில் அது கல்லின்மேல் எழுத்து. ஒருவர் நம்பிப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எழுதியவரே வந்து கெஞ்சினாலும் எடுக்கமாட்டார்கள். ஆக, இல்லாத வியாதிக்கு அவர் பேரை வைத்தாள், இப்போது வேறு யாருக்கோ இருக்கிற வியாதிக்கு அவர் பேர் நிலைத்துவிட்டது.

இதை எப்படிச் சொல்வது என்று சின்னவள் தவித்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கீழே ஒன்றாகச் சாப்பிடும்போது அவள் கணவன்தான் போட்டு உடைத்தான். “அண்ணா, உங்க பேரு கெர்னல்ல நிரந்தரமாமே. வியாதியா.”

பெரியத்தான் நிதானமாக மென்று விழுங்கினார். “ஏன்டா, நீயும் ஒரு டாக்டர்தானே. வியாதிக்கு யார் பேரை வைப்பாங்க? நோயாளி பேரையா?”

“கண்டுபிடிச்சவர் பேரை.”

“அவ்வளவுதான். இந்த வீட்டுல விஷயம் தெரிஞ்சவங்க கம்மி” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கவளத்துக்குப் போனார். அக்காவுக்குப் புரையேறியது. சின்னவள் அவள் தலையைத் தட்டிக்கொண்டே தன் சிரிப்பையும் அடக்கினாள். மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

சில மாதங்கள் போயின. ஆம்புலன்ஸ் போர்டு தொழிற்சாலையிலிருந்து அச்சாகி வந்து இறங்கியது. பெட்டி பெட்டியாக. பெரியத்தான் வாழ்நாளில் முதல்முறையாக முழுக்க முழுக்கத் தானே வரைந்த போர்டு. அலுவலகமே கூடி நின்று பார்த்தது. அவர் ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, எழுந்து வந்து, தன் கையாலேயே சின்னவளின் மேசையில் வைத்தார்.

“நல்லா பாரு. குத்தம் இருந்தா இப்பவே சொல்லிடு. அப்புறம் உலகத்துக்கு எழுதாதே.”

அழகாகத்தான் இருந்தது. கோடுகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடின. ஒவ்வொரு சிப்பின் பக்கத்திலும் அதன் பேர் வெள்ளை எழுத்தில் பொடியாக அச்சிட்டிருந்தது. தொடுதிரைச் சிப்பின் பக்கத்தில் மட்டும் பேருக்குக் கீழே, ரீசெட் கோடு வந்து சேரும் இடத்தில், இன்னும் பொடியாக ஏதோ ஒரு வரி தெரிந்தது. சின்னவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். தமிழில், தமிழ் எழுத்திலேயே அச்சடித்திருந்தது:

‘சின்னவள் கழுத்தை விடும் வரை பொறுமை காக்கவும்.’

அவள் அடுத்த போர்டை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது. பெட்டிக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அதிலும். இனி ஊர் ஊராக ஆம்புலன்ஸ் ஓடும் தெருவெல்லாம் இந்த வரியும் சேர்ந்து ஓடப்போகிறது. எதிர்மேசையில் பெரியத்தான் நாற்காலியில் ஆற அமரச் சாய்ந்து, ஒன்றும் அறியாதவர்போல வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

“பெரியத்தான்! இதை அழிக்க முடியாதா?”

“அச்சாயிடுச்சேம்மா” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.